ஒத்தைப் பட்டன்

பைக்கின் வலது பக்கம் இருக்கும் ஸ்டார்ட் பட்டனை இடது பக்கத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு என் கடைக்கு வந்தவனுக்கு வலது கையில் கட்டைவிரல் இல்லை. அது போனதற்குக் காரணம் நான். பாதிக் காரணம்தான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதியை யார் தலையில் கட்டலாம் என்று தேடினால் ஒருவரும் அகப்படாமல் அதுவும் என்னிடமே திரும்பி வந்துவிடும்.

தாராவியில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஷட்டரைத் தூக்கினால் உள்ளே ஒரு பைக், வெளியே ஒரு பைக், அவ்வளவுதான் இடம். வெளியே நிற்கிற பைக்கைச் சுற்றிப் போகிறவர்கள் என்னைத் திட்டிக்கொண்டுதான் போவார்கள். பைக் வயரிங் மட்டும்தான் என் தொழில். என்ஜின் வேலை என்று வந்தால் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவேன். ஹாரன் அடிக்கவில்லை, இண்டிகேட்டர் எரியவில்லை, மழையில் நனைந்ததிலிருந்து வண்டி கிளம்பவில்லை என்றால் என்னிடம் வரலாம். வேலை விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. வயரை முறுக்கி டேப் சுற்றி அனுப்புகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சந்துக்குள்ளே தோல் பட்டறைகள் நிறைய. அங்கே ஏதாவது மெஷின் நின்றுபோனால் மெஷின் விற்றவர்களின் ஆள் வருவதற்கு இரண்டு நாள் ஆகும், நான் வருவதற்கு இரண்டு நிமிஷம். அப்படித்தான் ஒரு பட்டறை முதலாளி ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். தோல் வெட்டுகிற பிரஸ் அது. மேஜைமேல் தோலை விரித்து, அதன்மேல் டை என்கிற இரும்பு அச்சை வைத்தால், மேலேயிருந்து கனத்த தலை ஒன்று இறங்கி அழுத்தும். பர்ஸின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வரும். தலை இறங்குவதற்கு இரண்டு பட்டன்கள், ஒன்று இடது கோடியில், ஒன்று வலது கோடியில். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று விளக்க வேண்டியதே இல்லை. இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் எந்தக் கையும் தலைக்கு அடியில் இருக்காது.

மெஷினில் கோளாறு ஒன்றுமில்லை. தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது, வலது பட்டனை டைரக்ட் பண்ணிவிடு என்றார் முதலாளி. ஒரு சுவிட்சின் இரண்டு வயரையும் நேராகச் சேர்த்துவிடுவதற்கு எங்கள் பேச்சில் டைரக்ட் என்று பெயர். அப்படிச் சேர்த்துவிட்டால் அந்தப் பட்டனை யாரோ எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதாக மெஷின் நம்பிக்கொள்ளும். பிறகு இடது கையால் அழுத்திக்கொண்டே வலது கையால் டையை நகர்த்தி வைக்கலாம். ஒரு நாளைக்கு முந்நூறு வெட்டுகிறவன் நானூறு வெட்டுவான். ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, அந்தச் சந்தில் ஒத்து வாழ்வது என்றால் ஒத்தைப் பட்டன்தான். வெட்டுகிற ஆட்களே வந்து கேட்பார்கள். இரண்டு பட்டனோடு ஒரு மெஷின் இருந்தால் அதில் நிற்பதற்கு ஆள் கிடைக்காது. ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்த மெஷினில் வேலைக்குச் சேர்ந்தவன்தான் இவன். என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறான். எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். அவன் சேரும்போதே மெஷினில் ஒத்தைப் பட்டன்தான் வேலை செய்தது. அதைச் செய்தது யார் என்று அவனும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் விரல் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

"என் தப்புதாண்ணே. டைய இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சா ஒரு பீஸ் கூட வருமேன்னு பாத்தேன். வலது கைய எடுக்கதுக்குள்ள இடது கை அமுக்கிட்டு."

அவன் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவருக்கு எப்போதும் புத்தி வேறு எங்கேயோதான் இருக்கும், நீங்களாவது சொல்லுங்கள் அண்ணாச்சி என்று என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதோடு விட்டிருக்கலாம். வேலையில் கவனம் வேண்டும் தம்பி என்று புத்திமதியும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் எதைத் திரும்ப விழுங்கலாம் என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவேன்.

அதன் பிறகு திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வெளியே சொல்லவும் முடியாது, வலிக்காத மாதிரி இருக்கவும் முடியாது. அந்தப் பட்டறை இருக்கிற சந்து வழியாகப் போவதை விட்டுவிட்டேன். கடையிலிருந்து வீட்டுக்குப் போகச் சுற்று வழி ஒன்று கண்டுபிடித்தேன், பத்து நிமிஷம் அதிகம். அவன் வீட்டு மிக்ஸியை ரிப்பேர் பண்ணிக் கொடுத்தேன். ஃபேனுக்குப் புது கண்டென்சர் போட்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுங்கா கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரையாவது சேர்த்துக்கொண்டுவிட்டீர்களா, இவ்வளவு பரிகாரம் நடக்கிறதே என்று கேலி செய்தாள். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எந்தக் குற்றம் என்றுதான் தெரியாது.

பைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். விபத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் செம்பூரில் ஓர் ஆபீஸ்காரரிடமிருந்து அதை வாங்கியிருந்தான். ஸ்போர்ட்ஸ் பைக். டேங்க்மேல் குப்புறப் படுத்த மாதிரி குனிந்து ஓட்டுகிற வகை. ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கும், முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் கவசம். வாங்கி வந்த அன்று தெருவே கூடிவிட்டது. இதில் இரண்டாவது கியர் போட வேண்டுமென்றால் தானே நகரம் வரைக்கும் நீ போக வேண்டும், நம் சந்தில் உருட்டிக்கொண்டு போகத்தான் லாயக்கு என்று நான் கிண்டல் பண்ணினேன். அவன் சிரித்துக்கொண்டே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். விரல் போன பிறகு ஏழு மாதம் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் கிடந்தது வண்டி. விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் விற்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் அதைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தான். காட்கோபரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை ஒன்று கிடைக்கிற மாதிரி இருக்கிறது, திங்கட்கிழமை சொந்த வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். பிரஸ்ஸில் இனிமேல் நிற்க முடியாது, தையல் மெஷினுக்கும் கை ஒத்துழைக்கவில்லை. இது போனால் அவனுக்கு வேறு எதுவும் கையில் இல்லை. இதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒன்றும் மாறவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

நாலு விரலாலும் உள்ளங்கையாலும் ஆக்ஸிலேட்டரை முறுக்க முடிந்தது. பிரேக்கும் பிடிக்க முடிந்தது. ஸ்டார்ட் பட்டனும், அவசரத்துக்கு என்ஜினை அணைக்கிற சிவப்பு சுவிட்சும் வலது கட்டைவிரலுக்கென்றே வைத்தவை. முந்தின ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துவிட்டு, நியூட்ரலில் இடது கையை நீட்டிக் கிளப்பி, மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு செம்பூர் போகும்போது பாலத்து ஏற்றத்தில் வண்டி அணைந்துவிட்டதாம். கியரில் இருக்கும்போது கிளட்சைப் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். கிளட்ச் இடது கையில், பட்டன் வலது கட்டைவிரலில், கட்டைவிரல் இல்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, வண்டி பின்னுக்கு உருள, மனைவி இறங்கிப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். அதிலிருந்து அவள் பைக்கைக் கண்டாலே பயப்படுகிறாள் என்றான்.

வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் மத்தியானம் அந்த வேலையைப் பார்த்தேன். குர்லாவில் பழைய சாமான் விற்கிற இடத்தில் இரண்டு பட்டன் உள்ள சின்னப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கவசத்தைக் கழற்றுவதற்கே ஒரு மணி நேரம். வலது சுவிட்சைப் பிரித்து, மீட்டரை வைத்து எந்த வயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஸ்டார்ட்டுக்கும் அணைக்கிற சுவிட்சுக்கும் உள்ளதைத் தனியாக எடுத்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் சுற்றி இடது பக்கம் கொண்டுவந்தேன். அந்த வகை பைக்கில் ஹேண்டில்பாருக்கும் டேங்குக்கும் நடுவே விரல் நுழைகிற இடம்கூட இல்லை. முழுக்கத் திருப்பினால் வயர் நசுங்கிவிடும். இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினேன்.

அவன் மூன்று நாளும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். கழற்றிய திருகுகளை ஒரு தட்டில் போட்டு வலது கையில் ஏந்தியிருந்தான். ஒவ்வொரு திருகை எடுக்கும்போதும் அந்தக் கையைப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. கட்டைவிரல் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு முண்டு, அதன்மேல் தோல் பளபளவென்று இருந்தது. நான் தட்டைப் பார்க்காமல் கையை நீட்டித் துழாவி எடுத்தேன். இரண்டு முறை திருகு கீழே விழுந்து சாக்கடைக்குள் போயிற்று. அண்ணனுக்கு வயசாகுது என்று சிரித்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்தது. நியூட்ரலில் வைத்து இடது கட்டைவிரலால் அழுத்தினான், வண்டி உறுமிக் கிளம்பியது. அணைத்தான், மறுபடி கிளப்பினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே நன்றாக இருந்தது. பிறகு கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை எட்டப் பார்த்தான். ஹாரனும் இண்டிகேட்டரும் ஏற்கெனவே இருக்கிற இடத்தைத் தாண்டிப் பெட்டியை வைத்திருந்ததால் கட்டைவிரல் அரை விரற்கடை எட்டவில்லை. பெட்டியைச் சாய்த்து வைக்க ஒரு தகடு வெட்ட வேண்டும், நாளைக்கு வா என்றேன்.

"எதுக்குண்ணே இன்னொரு நாளு? கிளட்ச் சுவிட்ச டைரக்ட் பண்ணி விட்டுருங்க. கிளட்ச் பிடிக்காமலே ஸ்டார்ட் ஆயிரும்லா. அஞ்சு நிமிஷ வேல."

முடியாது என்றேன். கியரில் இருப்பது தெரியாமல் பட்டனைத் தொட்டால் வண்டி பாயும், முன்னால் நிற்பவனை அடித்துவிட்டுத்தான் நிற்கும் என்றேன். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகாது என்றான். முடியாது என்றால் முடியாது என்று கத்தினேன். அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவன் கொஞ்சம் திகைத்துப் போய், பிறகு சமாதானமாகச் சிரித்தான்.

"என்னண்ணே புதுசா? இந்தப் பேட்டைக்கே நீங்கதான டைரக்ட் பண்ணிக் குடுக்கீங்க."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வெள்ளை மனசாகச் சொன்னான். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

"நீ நின்ன பிரஸ்ல வலது பட்டன டைரக்ட் பண்ணது நாந்தாம்ல," என்றேன்.

அவன் தட்டைத் தரையில் வைத்தான். கையைப் பேன்ட்டில் துடைத்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி கூப்பிட்டது, தீபாவளி ஆர்டர், டீ குடித்தது, ஆஸ்பத்திரியில் அவனுக்கே புத்தி சொன்னது, ஒன்றையும் விடவில்லை. தேங்காய் உடைத்ததையும் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேனோ, வெட்கமாக இருக்கிறது. அறைவான் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அதற்காகவே காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்த மெஷின்ல இப்ப யாரு நிக்கா?"

எனக்குத் தெரியவில்லை.

"வயர அத்து விட்டுட்டியா?"

நான் இல்லையென்று தலையை அசைத்தேன். அண்ணே என்று அவன் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அப்போது என்னைப் போட்டு உலுக்கியது அது இல்லை. ஏழு மாதம். சுற்று வழி நடந்தேன், மிக்ஸி பார்த்தேன், செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். ராத்தூக்கம் போயிற்று, மனைவியோடு சண்டை போட்டேன். இவ்வளவும் செய்தவனுக்கு அந்தச் சந்துக்குள் போய் ஒரு வயரை வெட்டிவிட்டு வர வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. என் வேதனையைப் பார்த்துக்கொள்வதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்திருக்கிறது. மெஷின் பாட்டுக்கு இன்னொருவன் கைக்கு மேலே இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

அவன் எழுந்து வண்டியை நியூட்ரலில் போட்டு இடது கையால் ஸ்டார்ட் செய்தான். நான் கட்டரையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னால் ஏறினேன். அந்த சீட்டில் பின்னால் உட்காருவது மாமரக் கிளையில் தொற்றிக்கொள்வது போலத்தான். பிடித்துக்கொள்ள அவன் தோளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பட்டறையில் ஐம்பது வயதிருக்கும் வடநாட்டுக்காரர் ஒருவர் மெஷினில் நின்றார். இடது கை பட்டன்மேல், வலது கை டையின்மேல். தலை இறங்குவதற்கு ஒரு கணம் முன்னால் கையை எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். நான் யாரிடமும் கேட்காமல் மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். நான் போட்ட வயர் அப்படியே இருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு இறுக்கியது, ஒரு தூசு ஒட்டவில்லை. முறுக்கி டேப் சுற்றுகிற மடையன் எவனாவது செய்திருந்தால் மெஷின் அதிர்வில் ஒரே மாதத்தில் கழன்று, பட்டறைக்காரர்களே வெறுத்துப்போய் இரண்டு பட்டனுக்குத் திரும்பியிருப்பார்கள். இவன் விரலும் இருந்திருக்கும். அதை வெட்டிவிட்டு, பட்டனின் வயரைப் பழைய இடத்தில் மாட்டி மூடினேன்.

மெயினைப் போட்டதும் அந்த மனிதர் இடது பட்டனை அழுத்தினார். தலை இறங்கவில்லை. ஒரு கையால் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் கெடுத்தாய், இனி சாயங்காலத்துக்குள் நான் எப்படி முடிப்பது என்று இந்தியில் என்மேல் பாய்ந்தார். இவன் முன்னால் வந்து தன் வலது கையை மேஜையின்மேல், தோலின்மேல், விளக்கு வெளிச்சத்தில் வைத்தான்.

"இஸி மஷின் பே கயா, சாச்சா."

இந்த மெஷினில்தான் போனது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், தலைக்குமேல் தொங்குகிற இரும்பைப் பார்த்தார். பிறகு இரண்டு பட்டனையும் அழுத்தினார். உள்ளறையிலிருந்து முதலாளி வந்து எட்டிப் பார்த்து, எங்கள் இருவரையும் சேர்த்துக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

வெளியே வந்தோம். அவன் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்யவில்லை.

"இந்த ஒரு மெஷின்தானா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரியப்போவதில்லை. சந்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் பிரஸ்கள் இறங்குகிற சத்தம் டொப் டொப்பென்று கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்ப் பட்டறையில் ஒன்று. மாடியில் பெல்ட் வெட்டுகிற இடத்தில் இரண்டு. அடுத்த சந்தில் அக்கா தம்பி நடத்துகிற பட்டறையில் ஒன்று. மூலையில் பை தைக்கிறவர்களிடம் இரண்டு. ஒவ்வொன்றிலும் எந்த வயரை எங்கே சேர்த்தேன் என்பதுவரை ஞாபகம் இருந்தது.

"ஆறு," என்றேன். பிறகு, "ஏழு. குர்லாவுல ஒண்ணு இருக்கு," என்றேன்.

அவன் இடது கட்டைவிரலால் பட்டனை அழுத்தினான். வண்டி கிளம்பியது.

"ஏறு," என்றான்.